விண்ணப்பம் எழுதுவோரும் விண்ணப்பம் படிப்போரும்

(சங்கத்தின் வெள்ளி விழாவை ஒட்டி நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில், அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கால் நூற்றாண்டுக் காலம் கல்விப் பணி ஆற்றிய ஒரு சங்கத்தின் வெள்ளி விழாவில் பேசக் கிடைத்த வாய்ப்பினைப் பெரும் பேறாகக் கருதுகிறேன். நம் பிள்ளைகளைப் பள்ளியில் நிலைத்து நிற்கச் செய்வதே தொடக்க நாளில் நம் முதற் கவலையாக இருந்தது. இன்றோ பட்டம் பெற்றோரும், தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் பணியில் அமர்ந்தோரும் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். ஆதலின் நம் கவலையும் ஒரு படி உயர்ந்திருக்கிறது. பணியில் சேர்ந்த இடத்திலேயே நம் இளைஞர்கள் நின்றுவிடுகிறார்கள் என்பதே அக்கவலை. எழுத்தராகச் சேர்ந்தவர் பத்தாண்டு கழிந்தும் எழுத்தராகவே இருக்கிறார். மேற்பார்வையாளராகச் சேர்ந்த தங்கை இன்றும் மேற்பார்வையாளராகவே இருக்கிறார். திறமைக் குறைவு இதற்குக் காரணம் அன்று. தாம் செய்த பணியை எழுத்தில் வைக்கும் முறை தெரியாமையும் ஒரு காரணம் என்பதே என் கருத்து.

விழாக் குழுவினர் எனக்குக் கொடுத்த தலைப்பு, மனிதவள ஆலோசகர் பணிக்கு மாற விரும்புவோர் தம் தன்விவரக் குறிப்பினை எவ்வாறு செம்மைப்படுத்த வேண்டும் என்பது. பள்ளிக்கூட வாத்தியாருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஒரு தலைமையாசிரியர் பாடம் மட்டும் நடத்துவதில்லை. ஆசிரியர்களின் பணிப்பதிவேடு, விடுப்புக் கணக்கு, ஆண்டு ஊதிய உயர்வு, முறையீடுகள், வேண்டிய இடத்து விளக்கம் கோரும் குறிப்பாணை ஆகிய யாவும் அவர் மேசைக்கே வருகின்றன. அன்றியும், என்னிடம் பயின்று இன்று திருப்பெரும்புதூரிலும் ஒரகடத்திலும் திருப்பூரிலும் பணிபுரியும் பழைய மாணவர்கள், தங்கள் விண்ணப்பங்களைப் பார்த்துத் திருத்தித் தருமாறு என்னிடம் கொண்டு வருவதுண்டு. அவற்றைப் படித்ததில் எழுந்த எண்ணங்களையே ஈண்டு உங்கள் முன் வைக்கிறேன்.

இந்தப் பணி எதற்காகத் தோன்றியது?

எந்தப் பணிக்கு விண்ணப்பிக்கிறோமோ அந்தப் பணியின் வரலாற்றை முதலில் அறிதல் வேண்டும். நம் நாட்டு ஆலைகளில் ஒரு காலத்தில் ஆள் எடுப்பவரும் ஆள் நீக்குபவரும் மேஸ்திரிகளாகவே இருந்தனர். தோட்டங்களில் அவர்களுக்குக் கங்காணி என்று பெயர். வேலை வேண்டுமெனில் மேஸ்திரிக்குக் காணிக்கை கொடுக்க வேண்டும், அல்லது அவருக்கு உறவினராகவோ அவர் சாதியினராகவோ இருக்க வேண்டும். இந்நிலையை ஆராய்ந்த அரசத் தொழிலாளர் ஆணையம் 1931-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. விட்லி ஆணையம் என்பதும் அதுவே. ஆள் எடுக்கும் அதிகாரத்தை மேஸ்திரியிடமிருந்து நீக்கி, தொழிலாளர் அலுவலர் ஒருவரை அமர்த்தி, அவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அவ்வலுவலர்க்கு வேண்டிய பண்புகளாக நேர்மையையும், மனிதரைப் புரிந்துகொள்ளும் ஆற்றலையும், மொழித் திறனையும் அது கருதியது.

பின்னர் அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைத் தம் பொறுப்பில் வைத்திருந்தார். அக்காலத்தில்தான், 1946-இல், தொழில் நிறுவனங்களுக்கான நிலையாணைகள் சட்டம் இயற்றப்பட்டது. பணி நிபந்தனைகள் முதலாளியின் வாய்ச்சொல்லாக இராமல், எழுதி வெளியிடப்பட்டனவாக இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 500 தொழிலாளரும் அதற்கு மேற்பட்டோரும் உள்ள தொழிற்சாலையில் நல அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்று விதித்தது.

இதனை நான் எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. மனிதவளத் துறை என்று இன்று வழங்குவது, வாயிற்படியில் நின்றுகொண்டு தன் இனத்தாரை மட்டும் உள்ளே விடுபவனின் கையிலிருந்து சாவியை வாங்குவதற்காகத் தோன்றிய துறை. அந்தப் படியில் தலைமுறை தலைமுறையாகத் தடுக்கப்பட்டோர் நம்மவர். ஆகவே அந்தச் சாவியை நேர்மையாகக் கையாளும் பொறுப்புக்கு நம் பிள்ளைகள் வர வேண்டும் என்று நான் விரும்புவதில் வியப்பில்லை அன்றோ?

வாயில் இன்னும் முழுதும் திறக்கவில்லை

அரசுப் பணியில் நமக்கு இடஒதுக்கீடு உண்டு. தனியார் துறையில் இல்லை. அங்கு விண்ணப்பத்தைப் படிப்பவரின் மனமே விதியாகிறது. அந்த மனம் எவ்வாறு இயங்குகிறது என்பதை இருவர் ஆராய்ந்து, 2007-இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ இதழில் வெளியிட்டனர். சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்பவர்கள் அவர்கள். செய்தித்தாள்களில் வந்த தனியார் நிறுவன விளம்பரங்களுக்கு, ஒத்த தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயர் மட்டும் வேறுபடுத்தி அவர்கள் அனுப்பினர். நேர்முகத்திற்கு அழைக்கப்படும் வாய்ப்பு விகிதம் உயர்சாதிப் பெயருக்கு 1 எனக் கொண்டால், பட்டியலினப் பெயருக்கு 0.67 ஆகவும், முஸ்லிம் பெயருக்கு 0.33 ஆகவும் இருந்தது. தகுதி ஒன்றே, பெயர்தான் வேறு.

அதே ஆண்டில் அதே இதழில் சுரீந்தர் ஜோத்கா, காதரீன் நியூமன் என்னும் இருவர் மற்றோர் ஆய்வினை வெளியிட்டனர். தலைநகர் தில்லியில் உள்ள பெரிய நிறுவனங்களின் மனிதவள மேலாளர்கள் 25 பேரை அவர்கள் நேரில் கண்டு பேசினர். தகுதி ஒன்றையே பார்ப்பதாக அம்மேலாளர்கள் கூறினர். ஆயினும் விண்ணப்பதாரரின் குடும்பப் பின்னணியைக் கேட்டறிவது அவர்களிடையே பரவலாக இருந்தது. நல்ல குடும்பம் எது என்று அவர்கள் கருதினார்களோ, அதுவே தகுதிக்கும் அளவுகோலாயிற்று.

நமது மாநிலத்தில் பெயருக்குப் பின் சாதியை எழுதும் வழக்கம் பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. ஆனால் முகவரி பேசிவிடுகிறது. ‘காலனி’ என்னும் சொல் வசைச் சொல்லாக ஆகிவிட்டதால், அதனை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்திலேயே முதலமைச்சர் அறிவிக்க வேண்டியிருந்தது. ஆதலின் இளைஞர்களே, தனியார் நிறுவனத்திற்கு எழுதும் தன்விவரக் குறிப்பில் தெருவும் கதவிலக்கமும் வேண்டுவதில்லை. ஊர், மாவட்டம், கைபேசி எண், மின்னஞ்சல் ஆகியன போதும். தந்தை பெயர், பிறந்த நாள், திருமண நிலை, சமயம், சாதி, நிழற்படம் ஆகியவற்றுள் ஒன்றும் அப்பணிக்குத் தொடர்புடையது அன்று. இவற்றை விடுதல் மறைத்தல் ஆகாது; தொடர்பில்லாததை நீக்குதலே ஆகும். அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கும்போது மட்டும் அவர்கள் தரும் படிவத்தில், கேட்ட யாவற்றையும் சான்றுகளோடு நிரப்புதல் கடமை. இவ்விரண்டு முறைகளையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளலாகாது.

எழுத்தருக்கும் ஆலோசகருக்கும் உள்ள வேறுபாடு

இனி, குறிப்பின் உள்ளீட்டிற்கு வருவோம். மனிதவள எழுத்தர் செய்வது பதிவு. மனிதவள ஆலோசகர் செய்வதோ கருத்துரை. மேற்பார்வையாளர் ஒருவர் வந்து, “இந்த ஆள் பன்னிரண்டு நாளாக வரவில்லை, பெயரை அடித்துவிடலாமா?” என்று கேட்டால், “நிலையாணை என்ன சொல்கிறது, விளக்கம் கேட்டோமா, மருத்துவச் சான்று வந்துள்ளதா, நாம் செய்ய வேண்டியது யாது?” என்று எடுத்துரைப்பவரே ஆலோசகர். ஆகவே அப்பணியை நாடுவோர் தம் குறிப்பில், ‘பதிவு செய்தேன், பேணினேன்’ என்பனவற்றோடு நில்லாமல், ‘எடுத்துரைத்தேன், தீர்வு கண்டேன்’ என்பதற்கும் சான்று காட்டியாக வேண்டும். இன்று நான் சொல்ல வந்தவற்றுள் தலையாயது இதுவே.

ஓர் எடுத்துக்காட்டு கூறுகிறேன். உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் டைம் ஆபீசில் ஐந்தாண்டு எழுத்தராக இருக்கும் தம்பி ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். அவருடைய பழைய குறிப்பு பெரும்பாலும் இவ்வாறு இருக்கும்: ‘வருகைப் பதிவு. சம்பள வேலை. கணினி அறிவு உண்டு. கடின உழைப்பாளி. பொறுப்புள்ளவன்.’ இதைப் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. கடின உழைப்பாளி என்று எல்லாரும்தான் எழுதுகிறார்கள். அதையே இவ்வாறு மாற்றி எழுதலாம். எண்கள் எடுத்துக்காட்டிற்காகவே சொல்லப்படுகின்றன.

‘மூன்று ஷிப்டுகளில் பணிபுரியும் 420 தொழிலாளரின் வருகைப் பதிவையும் மிகைநேரக் கணக்கையும் ஐந்தாண்டுகள் பேணினேன்.’

‘வருங்கால வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. ஆகியவற்றிற்கான மாதக் கணக்குகளைத் தயாரித்து, உரிய நாளுக்குள் செலுத்தத் துணைநின்றேன்.’

‘ஊதியக் குறைவு பற்றித் தொழிலாளர் கொண்டுவந்த முறையீடுகளைக் கேட்டு, பதிவேட்டோடு ஒப்பிட்டு, மாதத்திற்கு ஏறத்தாழ 15 முறையீடுகளை மேலிடத்திற்குச் செல்லாமலே தீர்த்தேன்.’

‘முன்னறிவிப்பின்றி வராதோர் மீதான நடவடிக்கையில், நிலையாணைப்படி முதலில் விளக்கம் கோர வேண்டும் என்பதை மேற்பார்வையாளர்களுக்கு எடுத்துரைத்தேன்.’

பாருங்கள்! ஆள் அதே ஆள். பணியும் அதே பணி. இல்லாத ஒன்றையும் நாம் சேர்க்கவில்லை. முதல் இரு வரிகள் அவருடைய கணக்கறிவைக் காட்டுகின்றன. மூன்றாவது வரி, மனிதரோடு பேசத் தெரிந்தவர் என்பதைக் காட்டுகிறது. நான்காவது வரியோ அவரை எழுத்தர் நாற்காலியிலிருந்து எழுப்பி ஆலோசகர் நாற்காலியின் அருகே கொண்டுபோய் நிறுத்துகிறது. ஒவ்வொரு வரியிலும் எத்தனை பேர், எவ்வளவு காலம், என்ன செய்தேன், என்ன விளைந்தது என்னும் நான்கு வினாக்களுள் இரண்டிற்கேனும் விடை இருக்க வேண்டும்.

மற்றோர் எடுத்துக்காட்டு. திருப்பூர்ப் பனியன் தொழிற்சாலை ஒன்றில் தையல் பிரிவின் மேற்பார்வையாளராக இருக்கும் தங்கை ஒருவர். பிற மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வரும் புதிய பெண்களுக்கு வேலை பழக்குபவர் அவர். விடுதிப் பிணக்குகளைத் தீர்த்து வைப்பவரும் அவரே. புதியோர் பயிற்சியும் பிணக்குத் தீர்வும் மனிதவளத் துறையின் நேரடிப் பணிகள் என்பது அவருக்குத் தெரிவதில்லை. ஆகவே ‘தையல் மேற்பார்வை’ என்னும் இரண்டு சொற்களோடு நிறுத்திவிடுகிறார். அவர் தம் நிறுவனத்தின் உள்ளகக் குழுவில் உறுப்பினராகவும் இருக்கக்கூடும். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பத்துப் பேரும் அதற்கு மேற்பட்டோரும் பணிபுரியும் ஒவ்வோரிடத்திலும் அக்குழு இருக்க வேண்டும் என்றும், உறுப்பினருள் பாதிப் பேரேனும் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. அவ்வுறுப்புரிமை மனிதவளப் பணிக்கு மிகச் சிறந்த சான்று.

ஆனால் ஓர் எச்சரிக்கை. அக்குழுவில் எந்த வழக்கு வந்தது, யார் முறையிட்டார், என்ன தீர்ப்பாயிற்று என்பவற்றை ஒருபோதும் எழுதக் கூடாது. அவற்றை வெளியிடுதல் அச்சட்டத்தாலேயே தடுக்கப்பட்டுள்ளது. ‘2021 முதல் 2024 வரை உள்ளகக் குழு உறுப்பினர்’ என்பது போன்ற ஒரு வரி போதும். பிற முறையீடுகளுக்கும் இதுவே முறை. பிறருடைய துன்பத்தைத் தன் குறிப்பில் பெயரோடு எழுதுபவரைப் படிப்பவர் என்ன நினைப்பார்? நாளை நம் நிறுவனத்தின் மறைவுச் செய்திகளையும் இவர் வெளியே சொல்வார் என்றே நினைப்பார். மனிதவளப் பணிக்கு எழுதும் குறிப்பே அவரது அடக்கத்திற்கு முதல் தேர்வு.

சங்கப் பணியை எழுதலாமா?

இளைஞர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: “ஐயா, நம் சங்கத்தில் நான் செய்த பணியை எழுதினால், சங்கத்தின் பெயரைப் பார்த்து ஒதுக்கிவிட மாட்டார்களா?” இந்த அச்சம் பொய்யான அச்சம் அன்று. முன்னர்ச் சொன்ன ஆய்வுகளே அதற்குச் சான்று. எனினும் என் கருத்து இது: முகவரி நீங்கள் ஈட்டியது அன்று, அதை விட்டுவிடலாம். சங்கப் பணி நீங்கள் ஈட்டியது, அதை விடலாகாது. உதவித்தொகைக்கான விண்ணப்பங்களை நூறு மாணவர்க்கு நிரப்பிக் கொடுத்தவர், தேர்வுக் கட்டணம் கட்ட இயலாத பிள்ளையின் வீட்டிற்குச் சென்று பெற்றோரோடு பேசியவர், சங்கக் கணக்கைத் தணிக்கைக்கு உட்படுத்தியவர் ஆகிய இவர்கள் செய்தது மனிதரைப் பேணும் பணி. அதைத் தன்னார்வப் பணி என்னும் தலைப்பின்கீழ், சங்கத்தின் பதிவுப் பெயரோடும் ஆண்டோடும் இரண்டு வரியில் எழுதுங்கள். இறுதி முடிவு உங்களுடையது. ஆனால் அம்முடிவை அச்சத்தால் எடுக்காமல் ஆராய்ந்து எடுங்கள்.

சட்ட அறிவு காலத்திற்கு ஏற்றதாக இருத்தல்

ஆலோசகர் ஆவோர்க்குச் சட்ட அறிவு இன்றியமையாதது. பல குறிப்புகளில் இன்றும் பழைய சட்டங்களின் பெயர்களே வரிசையாக நிற்கின்றன. ஆனால் 29 மத்தியச் சட்டங்களை ஒருங்கிணைத்து இயற்றப்பட்ட நான்கு தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. அவை 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்பும், 2020-ஆம் ஆண்டின் தொழிலுறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு ஆகியவை பற்றிய தொகுப்புகளும் ஆகும். நான் சற்று முன் கூறிய 1946, 1948 ஆண்டுகளின் சட்டங்களும் இவற்றுள் அடங்கிவிட்டன.

மாறியவை சிலவற்றைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். நல அலுவலர் வேண்டும் என்பதற்கு முன்பு 500 தொழிலாளர் என்றிருந்த அளவு இப்போது 250 ஆயிற்று. அதாவது அப்பணியிடங்கள் பெருகும் வழி பிறந்திருக்கிறது. மறுபுறம், நிலையாணைகள் கட்டாயம் என்பதற்கு மத்தியச் சட்டத்தில் 100 என்றிருந்த அளவு 300 ஆக உயர்ந்துவிட்டது. 20 தொழிலாளரும் அதற்கு மேற்பட்டோரும் உள்ள நிறுவனத்தில் குறைதீர்க்கும் குழு இருத்தல் வேண்டும். பணியாளர் ஒவ்வொருவர்க்கும் பணி நியமனக் கடிதம் தரப்பட வேண்டும். குறித்த கால ஒப்பந்தத்தில் பணிபுரிவோர்க்கு ஓராண்டுப் பணிக்கே பணிக்கொடை உரிமை உண்டு. இவற்றுள் இரண்டு மூன்றையேனும் பழுதறக் கற்று, ‘2020-ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்பில் குறைதீர்க்கும் குழு பற்றிய பகுதியைப் பயின்றுள்ளேன்’ என்று எழுதுபவர், பழைய பட்டியலை ஒப்பிப்பவரைவிட முன்னே நிற்பார். கல்லாததைக் கற்றதாக எழுத வேண்டா. நேர்முகத்தில் முதல் வினாவிலேயே அது வெளிப்பட்டுவிடும்.

முறையான படிப்பும் துணை நிற்கும். சென்னைச் சமூகப் பணிப் பள்ளி 1952 முதல் இயங்கி வருகிறது. தமிழக அரசின் தொழிலாளர் துறையைச் சார்ந்த தொழிலாளர் கல்வி நிலையமும் உண்டு. பணியில் இருந்துகொண்டே படிக்க விரும்புவோர்க்கு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வாயில் திறந்து வைத்துள்ளன. 1980-இல் இரு பழைய அமைப்புகள் இணைந்து தோன்றிய தேசியப் பணியாளர் மேலாண்மை நிறுவனம், இத்துறையினரின் தொழில்முறை அமைப்பு ஆகும். படித்துக்கொண்டிருக்கும் படிப்பையும், ‘பயின்று வருகிறேன், முடிக்கும் ஆண்டு இது’ என்று குறிப்பில் சேர்க்கலாம்.

வடிவம் பற்றிச் சில சொற்கள்

குறிப்பு இரண்டு பக்கத்திற்கு மேற்படலாகாது. தலைப்பில் பெயரும் தொடர்பு எண்ணும். அதன்கீழ் நான்கு வரியில் ஒரு சுருக்கம்: இதுவரை என்ன பணி, எத்தனை ஆண்டு, மனிதவளத்தில் எப்பகுதியில் பட்டறிவு, இப்போது நாடுவது எது. ‘சவாலான பணியில் சேர்ந்து நிறுவன வளர்ச்சிக்குப் பாடுபடுவது என் குறிக்கோள்’ என்னும் பொது வாக்கியத்தை அடியோடு நீக்கிவிடுங்கள். அச்சுக் கடையில் ஒருவருக்கு அடித்ததையே ஊருக்கெல்லாம் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள்!

அடுத்துப் பணிப் பட்டறிவு. அண்மையது முதலில், பழையது பின்னர். அதன்பின் சட்ட அறிவும் பயிற்சியும், கல்வி, மொழிகள், தன்னார்வப் பணி என்னும் வரிசையில் அமைக்கலாம். துறை மாறுவோர், பழைய பணியில் மனிதவளத்தோடு தொடர்புடைய வரிகளை மேலேயும் மற்றவற்றைக் கீழேயும் வைத்தல் வேண்டும். பொருட்கிடங்குக் கணக்கு எவ்வளவு சிறப்பாக எழுதினீர் என்பது இந்தப் பணிக்கு ஒரு வரிக்கு மேல் வேண்டுவதில்லை.

விளம்பரத்தை மும்முறை படியுங்கள். ஒரு தாளில் இரண்டு பத்தி கிழித்து, அவர்கள் கேட்பது ஒரு பக்கம், அதற்கு உங்களிடம் உள்ள சான்று மறுபக்கம் என்று எழுதுங்கள். மறுபக்கம் வெற்றிடமாக உள்ளவை எவையோ, அவை நீங்கள் இனிக் கற்க வேண்டியவை. பல பெரிய நிறுவனங்களில் இன்று குறிப்புகளை முதலில் கணினி சலித்துவிடுகிறது. ஆதலின் விளம்பரத்தில் வழங்கும் சொல்லையே, உங்களுக்குப் பொருந்தும் இடத்தில், நீங்களும் வழங்குங்கள். கட்டங்களும் படங்களும் வண்ணங்களும் வேண்டா. எளிய எழுத்தே கணினிக்கும் நல்லது, கண்ணுக்கும் நல்லது.

ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும்போது அஞ்ச வேண்டா. சிறு சிறு வாக்கியங்களாக, வினைச்சொல்லில் தொடங்கி எழுதுங்கள். பொருள் தெரியாத பெரிய சொல்லைப் பிறர் குறிப்பிலிருந்து எடுத்து ஒட்ட வேண்டா. தமிழறிவையும் குறைவாக எண்ணாதீர்கள். தொழிலாளர் பெரும்பான்மையோர் பேசும் மொழியில் நல அலுவலர்க்குத் தேர்ச்சி வேண்டும் என்பது பழைய மாநில விதிகளிலேயே காணப்பட்ட ஒன்று. தமிழில் அறிவிப்பு எழுதவும், தொழிற்கூடத்தில் நின்று பேசவும் வல்லவர் நீங்கள். வடமாநிலத் தொழிலாளர் பெருகியுள்ள இந்நாளில் இந்தியோ ஒடியாவோ சிறிது தெரிந்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

படிப்பில் இரண்டாண்டு இடைவெளி இருக்கலாம். தந்தையார் நோயுற்றதால் கூலிக்குச் சென்றிருப்பீர்கள். அதை மறைத்து ஆண்டுகளை மாற்றி எழுதுதல் கூடாது. ‘குடும்பச் சூழலால் 2016 முதல் 2018 வரை பணிபுரிந்தேன், பின் படிப்பைத் தொடர்ந்து முடித்தேன்’ என்று ஒரே வரியில் எழுதுங்கள். அவ்வரி உங்கள் உறுதிக்குச் சான்றே அன்றி, உங்கள் குறைக்குச் சான்று அன்று. ஆண்டையும் பட்டத்தையும் ஊதியத்தையும் பொய்யாக எழுதுவோர்க்கு மனிதவளத் துறையில் இடமே இல்லை. பிறருடைய சான்றிதழ்களைச் சரிபார்ப்பதே அவர்கள் பணியாகப் போகிறதல்லவா?

நேர்முகத்தில் “உங்கள் குடும்பப் பின்னணி என்ன?” என்று கேட்டால் தலை குனியாதீர்கள். “என் பெற்றோர் உழைப்பாளிகள். எங்கள் குடும்பத்தில் முதற் பட்டதாரி நான். தொழிலாளியின் வீட்டில் ஊதியச் சீட்டு எவ்வாறு படிக்கப்படுகிறது என்பதை நான் அறிவேன், இந்தப் பணிக்கு அது பயன்படும்” என்று நிமிர்ந்து கூறுங்கள். அதன்பின் பேச்சைப் பணிக்குத் திருப்புங்கள்.

அந்த நாற்காலியில் அமர்ந்த பின்

இறுதியாக ஒன்று. இத்தனையும் செய்து, நம் தம்பியோ தங்கையோ அந்த நாற்காலியில் அமர்ந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த நாளே நம் ஊரிலிருந்து பத்துப் பேர், “நம்ம பிள்ளைதானே, எப்படியாவது உள்ளே சேர்த்துவிடு” என்று வந்து நிற்பார்கள். அன்று அவர் என்ன செய்ய வேண்டும்? நம்மவர் என்பதற்காகவே உள்ளே விடுவாராயின், 1931-இல் எந்த மேஸ்திரியை நீக்கச் சொன்னார்களோ, அந்த மேஸ்திரியாகவே அவரும் ஆகிவிடுவார். அதற்காக அல்ல நாம் அவரை அங்கு அனுப்பியது.

அவர் செய்யத்தக்கவை உண்டு. காலியிடத்தை ஒளிக்காமல் வெளிப்படையாக அறிவிக்கலாம். அறிவிப்பு நம் ஊர்களுக்கும் வந்து சேருமாறு செய்யலாம். பெயரையும் முகவரியையும் மறைத்து முதற்கட்ட விண்ணப்பங்களைப் படிக்கும் முறையை நிறுவனத்திற்கு எடுத்துரைக்கலாம். எல்லார்க்கும் ஒரே வினாப் பட்டியலை வைத்து, ஒரே அளவுகோலால் மதிப்பெண் இடலாம். குடும்பப் பின்னணி என்னும் வினாவை அப்பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். தேராதவர்க்கு ஏன் தேரவில்லை என்பதை ஒரு வரியில் தெரிவிக்கலாம். சலுகை ஒன்றும் கேளாமல் இவ்வளவே நடந்தாலும், நம் பிள்ளைகள் தம் தகுதியால் உள்ளே செல்வார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆகவே சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஆண்டுக்கு இரு முறையேனும், பணியில் இருக்கும் மூத்தோரும் பணி தேடும் இளையோரும் ஓரிடத்தில் அமர்ந்து, ஒருவர் குறிப்பை மற்றவர் படித்துத் திருத்தும் கூட்டம் ஒன்றை நடத்துங்கள். அதற்குப் பெரும் செலவு இல்லை. இரண்டு மேசை, பத்து நாற்காலி, சிவப்பு மைப் பேனா சில இருந்தால் போதும். பிழை திருத்த வேண்டுமாயின் என்னையும் அழையுங்கள். அது எனக்குப் பழகிய தொழில்.

இளைஞர்களே! இன்று இரவே ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். சென்ற ஐந்தாண்டில் யாருடைய எந்தச் சிக்கலை எவ்வாறு தீர்த்தீர்கள் என்று நினைவு வந்தவரை எழுதுங்கள். பெயர்கள் உங்கள் மனத்தோடு இருக்கட்டும். பணி மட்டும் தாளில் ஏறட்டும். பத்து வரியேனும் வரும். உங்கள் புதிய தன்விவரக் குறிப்பு அதிலிருந்தே தொடங்கும்.